உப்புக்காற்றும் உறைந்து நிற்கும் கணினியும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமே கொண்டதாயினும், அதன் இரு முனைகளிலும் வைக்கப்படும் ஒரே வகையான இரண்டு மேசைக் கணினிகள் வெவ்வேறு காரணங்களால் நோயுறுகின்றன. மேற்கு முனையில் வெப்பமும் கல்தூசியும், கிழக்கு முனையில் உப்பும் ஈரமும் அவற்றைத் தாக்குகின்றன. வெளியே தெரியும் அறிகுறி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடுகிறது, மவுஸ் அம்புக்குறி அசைய மறுக்கிறது, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. 'சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆகுது' என்ற முறையீட்டோடு கடைக்கு வரும் பெட்டிக்கு முதல் மருந்தாக ஃபார்மட் செய்து புதிதாக ஓஎஸ் போடுவது வழக்கமாகிவிட்டது. இம்மருந்து பல நேரங்களில் நோயை அப்படியே விட்டுவிட்டு, நோயைக் கண்டறிய உதவும் பதிவுகளை மட்டும் அழித்துவிடுகிறது என்பதால், கடலோரத்துக் கணினிக்கு இது கடைசியாகத் தர வேண்டிய மருந்தாகும்.

உறைந்து நிற்கும் கணினி எந்த அளவுக்கு உறைந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அம்புக்குறி நகர்ந்தாலும் ஒரு செயலி மட்டும் பதில் தராமல் வெளிறி நின்றால், குறை பெரும்பாலும் அச்செயலியிலோ, நிரம்பிவிட்ட ரேமிலோ, தரவைத் தர இயலாமல் திணறும் ஹார்ட் டிஸ்கிலோ இருக்கும். அம்புக்குறியும் நின்றுவிட்டால் விசைப்பலகையின் நம்லாக் விசையை அழுத்திப் பார்க்கலாம். அந்தச் சிறுவிளக்கை எரிய வைப்பதும் அணைப்பதும் இயங்குதளத்தின் வேலை என்பதால், விளக்கு மாறினால் உள்ளே கணினி உயிரோடு இருக்கிறது என்றும், திரையைக் கையாளும் பகுதி மட்டுமே செயலிழந்திருக்கலாம் என்றும் கொள்ளலாம். அந்நிலையில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளோடு பி விசையையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்கான வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள், மீண்டும் தொடங்கப்பட்டுத் திரை மீளக்கூடும். நம்லாக் விளக்கும் மாறாமல், ஒலிபெருக்கியில் கடைசி ஓசைத்துண்டே திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தால், ஐயம் ரேம், மதர்போர்டு, மின்வழங்கி ஆகியவற்றின் பக்கம் வலுவாகத் திரும்ப வேண்டும்.

எந்த வகையானாலும், உறைந்த கணினி மீண்டும் உயிர்பெற்றவுடன் செய்ய வேண்டியது அதிலுள்ள கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுப்பதே. அதன் பிறகு விண்டோஸிலேயே இருக்கும் ஈவன்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறந்து, உறைந்த நேரத்துக்குச் சற்று முன்னால் பதிவானவற்றைப் படிக்க வேண்டும். அங்கே கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புக் குறிப்பு ஏறக்குறைய எப்போதும் காணப்படும். அதைக் கண்டவுடன் மின்வழங்கியை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த எண், கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே கூறுகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே குறிப்புத்தான் விழும். 129, 153 என்ற எண்களோ டிஸ்க் கேட்ட நேரத்தில் பதில் தரவில்லை என்பதையும், வீயா-லாகர் என்ற பெயரில் வரும் குறிப்புகள் வன்பொருளே தன் பிழையைத் தெரிவித்ததையும் சுட்டுவதால், அவை கூடுதல் மதிப்புடையவை. எந்தக் குறிப்பும் இல்லாமல் பதிவேடு சட்டென்று வெறுமையாகிவிடுவதும் ஒரு சான்றே. எழுதுவதற்குக்கூட நேரமின்றிக் கணினி நின்றிருக்கிறது என்பது அதன் பொருள்.

மென்பொருளா, வன்பொருளா என்ற வழக்கைத் தீர்ப்பதற்கு மலிவான சோதனை ஒன்று உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கில் எதையும் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே கணினியை ஓட விட வேண்டும். வழக்கமாக உறையும் நேரத்தையும் தாண்டிப் பல மணி நேரம் அது சீராக ஓடினால் குறை விண்டோஸிலோ, அதன் டிரைவர்களிலோ, டிஸ்கிலோ இருக்கிறது; அங்கும் உறைந்தால், ஃபார்மட்டுக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண். இவ்வளவு தெளிவான விடை தரும் சோதனை இவ்வட்டாரத்துக் கடைகளில் அரிதாகவே செய்யப்படுவது வருந்தத்தக்கது.

இனி உப்புக்கு வரலாம். அலை உடையும்போது நுரையிலுள்ள குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புநீர்த் துளிகளைக் காற்றில் எறிகின்றன. பிற்பகலில் எழும் கடற்காற்று அவற்றை உள்நாட்டை நோக்கிக் கொண்டுவருகிறது. பெரிய துளிகள் கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுவதால், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடற்பக்கமாக உள்ள கட்டடத்துக்கும், சில கிலோமீட்டர் மேற்கே உள்ள கட்டடத்துக்கும் இடையே உப்புப் படிவில் பெரும் வேறுபாடு காணப்படும். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாட்டின் பல இடங்களில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்து அரிமானத்தை அளந்து, இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தையே உருவாக்கியிருக்கிறது. ஊருக்கு ஊர் உலோகம் எவ்வளவு வேறுபட்ட வேகத்தில் அரிக்கப்படுகிறது என்பது இந்திய அறிவியலுக்குப் புதிய செய்தியன்று.

படிந்த உப்பு உலர்ந்திருக்கும்வரை கணினிக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. ஒப்பு ஈரப்பதம், அதாவது ஒரு வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் அப்போது இருக்கும் பங்கு, ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்விட்டுக் கிடப்பதும் இதனால்தான். கடலுப்பிலோ சோடியம் குளோரைடு மட்டுமன்றி மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அது 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கத் தொடங்கிவிடும். ஆகவே கேளம்பாக்கம் உப்பளங்களிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையான இக்கரையில், மதர்போர்டின் மேல் படிந்த தூசி முழுமையாக உலர்ந்திருக்கும் நாள்கள் குறைவு. அந்த ஈரப்படலம் மின்சாரத்தைச் சிறிதளவு கடத்துகிறது. அருகருகே உள்ள இரு முனைகளுக்கு இடையே கசிவு ஏற்படுகிறது. நாளடைவில் செம்பு பச்சையாகப் பூத்து, தொடுமுனைகளின் மின்தடை கூடுகிறது.

மாமல்லபுரத்தில் இதே உப்பு இதே விதிப்படி இன்னொரு பொருளையும் தின்றுகொண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் எழுந்த கடற்கரைக் கோயிலின் கல்லுக்குள் புகுந்த உப்பு, ஈரத்தில் கரைந்தும் வெயிலில் படிகமாகி விரிந்தும் மேற்பரப்பைப் பொரியச் செய்கிறது. இதைக் கட்டுப்படுத்த இந்தியத் தொல்லியல் துறை ஈரக் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது உலரும்போது உப்பை உறிஞ்சியெடுக்கச் செய்து, பின்னர் உரித்து நீக்கும் முறையைக் கையாண்டு வருகிறது. கடற்காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் நடப்பட்டன. உப்பை அகற்றுவதும் காற்றை மறிப்பதுமாகிய இவ்விரண்டு வேலைகள்தாம் கணினிக்கும் தேவைப்படுகின்றன. கணினியின் நற்பேறு, அதை இடம்மாற்றி வைக்க முடியும் என்பதே.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியைவிட அணைந்து கிடக்கும் கணினியே இக்கரையில் விரைவாகக் கெடுகிறது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். 28 டிகிரி செல்சியஸில் 80 விழுக்காட்டு ஈரப்பதமுள்ள காற்று, இயங்கும் கணினியின் பெட்டிக்குள் 38 டிகிரிக்குச் சூடானால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 46 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. நீராவியின் அளவு மாறாவிட்டாலும், சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிடுகிறது. நாள்தோறும் ஓடும் கணினி தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக் கணினி அறையும், சுற்றுலாப் பருவம் முடிந்து அணைத்து வைக்கப்பட்ட விடுதி வரவேற்பறைக் கணினியும், மீண்டும் போடும் வாரத்தில் உறைந்து நிற்பதற்கு இது ஒரு தலையாய காரணம். ஏசி அறைகளில் வேறொரு சிக்கல் எழுகிறது. இக்கரையில் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பல மாதங்களில் 25 டிகிரியை ஒட்டியே இருப்பதால், 22 டிகிரிக்குக் குளிர்ந்து அணைந்து கிடக்கும் கணினியின் மேல் திறந்த கதவு வழியே கடற்காற்று பட்டால் உலோகப் பகுதிகளில் வியர்வை போல நீர் படியும். காலையில் முதல் அரைமணி நேரம் உறைந்துகொண்டேயிருந்து, சூடேறிய பின் நாள் முழுதும் ஒழுங்காக ஓடும் கணினி, ஈரத்தையும் தொடுமுனைகளையும் சோதிக்கச் சொல்கிறது; பிற்பகலில் மட்டும் உறைவது வெப்பத்தைச் சோதிக்கச் சொல்கிறது. நேரத்தைக் குறித்து வைப்பதால் கிடைக்கும் இச்செய்தியை விலையுயர்ந்த கருவி எதுவும் தருவதில்லை.

தொடுமுனைகளில் முதலிடம் ரேமுக்கே. டிடிஆர்4 வகை ரேம் பட்டை ஒன்றில் 288 தொடுமுனைகள், 0.85 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்து, 1.2 வோல்ட் என்ற குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. இத்தனை நுண்ணிய ஏற்பாட்டில் ஒரு முனையில் தடை சற்றே கூடினாலும் சுழி ஒன்றாகவும் ஒன்று சுழியாகவும் படிக்கப்பட்டு, இயங்குதளம் தன் அடுத்த கட்டளையையே இழந்து நின்றுவிடும். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டுவது தமிழ்நாடெங்கும் உள்ள கைவைத்தியம். அது பலிப்பதும் உண்மை. ஆனால் பலிப்பதில் பெரும்பங்கு ரப்பருடையதன்று, கழற்றி மாட்டும்போது முனைகள் ஒன்றையொன்று உரசிக்கொள்வதுடையது. அம்முனைகளின் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனே கொண்டிருப்பதால், ஒவ்வொரு தேய்ப்பிலும் பூச்சு குறைந்து, அடியிலுள்ள நிக்கலும் செம்பும் உப்புக்காற்றுக்குத் திறந்துகொள்கின்றன. உள்நாட்டில் பொறுத்துக்கொள்ளக்கூடிய வைத்தியம் கடலோரத்தில் நாளடைவில் நோயாக மாறுகிறது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் முனைகளைத் துடைத்து, ஸ்லாட்டை ஊதிச் சுத்தம் செய்து, நன்றாக உலர்ந்தபின் இருமுறை கழற்றி மாட்டினாலே போதும். படகு எஞ்சினுக்கு உதவும் துருநீக்கி எண்ணெயை ஸ்லாட்டில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய்ப் படலத்தில் உப்புத்தூசி ஒட்டிக்கொண்டு நிலைமையை மோசமாக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். துடைத்த பிறகும் உறைதல் தொடர்ந்தால், மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுதும் ஓடவிட்டு, ஒரே ஒரு பிழை வந்தாலும் பட்டைகளைத் தனித்தனியாகவும் ஸ்லாட்டை மாற்றியும் சோதிக்க வேண்டும்.

டிஸ்கின் உடல்நிலையை அதுவே எழுதிவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவு உண்டு; கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசச் செயலிகள் அதைக் காட்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் 5, 197 ஆகிய எண்ணுள்ள வரிகளின் கணக்கு ஏறிக்கொண்டே போனால் டிஸ்கின் பரப்பு கெட்டுவருகிறது, அதை மாற்றுவதே வழி. 199-ஆம் வரியின் கணக்கு ஏறினால் குறை பெரும்பாலும் டிஸ்கில் இல்லை. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்து வருகிறது என்பதே அதன் பொருளாதலால், சிறிய விலையுள்ள சாட்டா கேபிளை மாற்றி, முனைகளைத் துடைத்தால் தீர்ந்துவிடக்கூடும். கடலோரத்தில் இந்த வரியைப் பாராமல் நல்ல டிஸ்கைக் கழித்துக்கட்டுவது வீண்செலவு.

மின்சாரத்தின் பங்கும் சிறிதன்று. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது போன்ற நாள்களில் மட்டுமன்றி, உப்புப் படிந்த பீங்கான் இன்சுலேட்டர்கள் பனியில் நனையும் சாதாரணக் காலைகளிலும் கரையோர மின்கம்பிகளில் மின்னழுத்தம் துள்ளக்கூடும். கணினிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி, வெளிமின்சாரம் நொடியில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு நேரம் அற்றுப்போனாலும் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. அதிலுள்ள மின்தேக்கிகள் முதுமையடையும்போது அந்தத் தாக்குப்பிடிக்கும் நேரம் சுருங்குகிறது. மின்பகுளி மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடுந்தோறும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். தலை உப்பிய மின்தேக்கியை மதர்போர்டில் கண்டால் மேலும் ஆராய வேண்டியதில்லை. கணினி ஓடும்போது மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 325 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தமாகத் தேங்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் நிற்கும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று உணரப்படுவது எர்த் இணைப்பு அறுந்திருப்பதன் அடையாளம். உவர்மண்ணில் எர்த் குழாயும் அதன் கிளாம்பும் துருப்பிடித்துத் தொடர்பை இழப்பதால், யுபிஎஸ் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளப்பதே சரியான வரிசை.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஆய்வின் வரிசை மாறுகிறது. கல் குவாரிகளும் கிரஷர்களும் எழுப்பும் நுண்தூசி, ப்ராசசரின் மேலுள்ள ஹீட்சிங்கின் இடுக்குகளில் கெட்டியாகப் படிந்து காற்றோட்டத்தை மறிக்கிறது. கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரியைத் தொடும்போது, ஏறக்குறைய 100 டிகிரியை எல்லையாகக் கொண்ட ப்ராசசருக்கு மூச்சுவிட இடமில்லாமல் போகிறது. வெப்பத்தின் குணம் சற்றே வேறு: ப்ராசசர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, அதுவும் போதாதபோது தானே அணைந்துவிடும்; அசையாமல் உறைந்து நிற்பதும் உண்டென்றாலும், மந்தமாகிப் பின் அணைவதே அதன் வழக்கம். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் தூசியை ஊதுவதும், காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இடுவதும் இங்கே முதல் வேலைகள். மின்வழங்கியின் பின்துளை வழியே பல்லி புகுந்து மடிந்து கிடப்பது இரண்டு ஊருக்கும் பொது.

மென்பொருளைப் பற்றி நீளமாகக் கூற வேண்டியதில்லை. அண்மையில் மாற்றிய டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புவது, விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டுவது, இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் இருந்தால் ஒன்றை நீக்குவது ஆகியவை பெரும்பகுதியைத் தீர்க்கும். ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும்: இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி ப்ராசசர்களில் அடிக்கடி உறையும் குறை 2024-இல் அந்நிறுவனத்தாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டு, மிகை மின்னழுத்தம் காரணம் என விளக்கப்பட்டு, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் வழியாகத் திருத்தமும், கூடுதலாக இரண்டாண்டு வாரன்டியும் வழங்கப்பட்டன. அத்தகைய கணினியைக் கடலோரத்தில் வைத்திருப்பவர் உப்பைக் குறைசொல்லும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதும், பழைய பெட்டிகள் பல 11-ஐ ஏற்க மறுப்பதும் தனிச் சிக்கல். உறைதலுக்கு அது நேர்க் காரணமாகாது.

கடற்பக்கக் கட்டடங்களில் கணினியைத் தரையிலும் கிழக்கு நோக்கிய சன்னலடியிலும் வைக்காமல் இருப்பது, விடுமுறையிலும் வாரம் ஓரிரு முறை ஒருமணி நேரமாவது ஓடவிடுவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், மழை ஓய்ந்த பின் தை மாதத்திலும் திறந்து துடைப்பது ஆகியவை செலவில்லாத காப்புகள். மதர்போர்டின் பற்றவைப்புகளில் பச்சை பூத்து, ஸ்லாட்டுகளின் உள்முனைகளும் கறுத்துவிட்டால், சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளுக்கு அலைந்து உதிரிப் பாகம் தேடுவதைவிட போர்டையே மாற்றுவது சிக்கனம். கடைக்குப் பெட்டியைத் தூக்கிச் செல்வோர், ஃபார்மட் போடச் சம்மதிக்கும் முன் பழுதுபார்ப்பவரிடம் மூன்றைக் கேட்டு, விடையைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: பென்டிரைவ் லினக்ஸில் உறைந்ததா, மெம்டெஸ்ட் எத்தனை பிழை காட்டியது, ஸ்மார்ட்டில் 199-ஆம் வரியில் இருந்த எண் என்ன.